எதிர்த்துப் பேச முடியாத முகங்கள்

முகநூலில் என்னைத் தேடி வந்த போலிகளில் மறக்க முடியாதவர் ஒரு "மாவட்ட ஆட்சியர்". எங்கள் ஊரில் முன்பு பணியாற்றியவரின் பெயர், படம் எல்லாம் அப்படியே இருந்தன. எனக்குத் தெரிந்த பலர் ஏற்கெனவே அவருடைய நட்புப் பட்டியலில் இருந்தார்கள். நலம் விசாரித்தார், கைப்பேசி எண் கேட்டார், பிறகு விஷயத்துக்கு வந்தார். அவருடைய நண்பர் சிஆர்பிஎஃப் எனும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் அதிகாரியாம். திடீர் இடமாற்றமாம். வீட்டுச் சாமான்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிறாராம். சோபா, கட்டில், ஃப்ரிட்ஜ் என்று வரிசையாகப் படங்கள் வந்தன. விலை மலிவுதான், ஆனால் சந்தேகம் எழும் அளவுக்கு மலிவு இல்லை. அங்கேதான் கெட்டிக்காரத்தனம். முதலில் பணம் அனுப்பினால் ராணுவ லாரியிலேயே பொருள் வீட்டுக்கு வந்துவிடுமாம். சிஆர்பிஎஃப் உள்துறையின் கீழ் வரும் படை, அதற்கு ஏது ராணுவ லாரி என்று கேட்க ஆசையாக இருந்தது.

"ஆவடி முகாம்தானே சார்? என் மச்சான் பக்கத்தில்தான் குடியிருக்கிறார். நேரில் பார்த்துப் பணம் கொடுத்துவிடுவார்" என்று மட்டும் எழுதினேன். சற்று நேரத்தில் என்னைத் தடை செய்துவிட்டார். ஆட்சியரே தடை செய்த பெருமை எங்கள் தெருவில் எனக்கு மட்டும்தான்.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். நான் பார்த்தவரை பாதிக் கதைகளில் ஆசையே இல்லை, மரியாதைதான் இருக்கிறது. கலெக்டரிடம் யார் பேரம் பேசுவார்கள்? போலீஸிடம் யார் அடையாள அட்டை கேட்பார்கள்? 2022இல் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபுவின் படத்தை வைத்தே பரிசுக் கூப்பன் கேட்டுச் செய்திகள் பறந்தன.

என் பெரியப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஒரு ரூபாய் கடன் வாங்காதவர். அவருடைய ஆதார் எண்ணில் வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாக ஓர் அழைப்பு. அதை "மும்பை போலீஸு"க்கு மாற்றினார்கள். வீடியோவில் சீருடை, பின்னால் சுவரில் முத்திரை, மேசையில் கோப்புகள். "நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், கேமராவை விட்டு நகரக் கூடாது, வீட்டாரிடமும் சொல்லக் கூடாது." இரவு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்டாராம். பெரியம்மா கதவைத் தட்டியபோது, "பென்ஷன் வேலை" என்று பொய் சொன்னார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவர், அந்த ஆளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

காலையில் வைப்புத்தொகையை உடைக்க வங்கிக்குப் போனார். கவுன்டரில் இருந்த பெண் அவருடைய கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "ஐயா, யாராவது போனில் மிரட்டுகிறார்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் காப்பாற்றியது.

அவரை அப்பாவி என்று சிரித்த உறவினர்களுக்கு நான் லூதியானா சம்பவத்தைச் சொன்னேன். வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி.ஓஸ்வால் 2024இல் இதே வலையில் 7 கோடி ரூபாய் அனுப்பினார். அவருக்காக உச்ச நீதிமன்ற விசாரணையையே இணையத்தில் அரங்கேற்றி, தலைமை நீதிபதியாகவும் ஒருவரை நடிக்க வைத்தார்கள். விரைந்து புகார் கொடுத்ததால் 5 கோடிக்கும் மேல் மீட்க முடிந்தது. நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது.

மறுமுனையில் இருப்பவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போனவர்களை மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, அடித்து, மோசடி வேலை செய்ய வைத்தார்கள். அப்படிச் சிக்கிய தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினார்கள். அழகான பெண் படத்தோடு "ஹாய்" என்று வருவது, இப்படி அடைபட்ட ஒரு பையனின் விரல்களாகவும் இருக்கலாம். அதனால் இப்போதெல்லாம் நான் திட்டி எழுதுவதில்லை, பதிலும் எழுதுவதில்லை.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வேண்டும். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். பெரியப்பா அழித்துவிட்டார், புகார் எழுதும்போது அழைப்பு வந்த எண் மட்டுமே மிஞ்சியிருந்தது.