மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கும் மாத்திரை – அம்மாவின் கால் வீங்குகிறது

தேனிப்பெண்:
அம்மாவுக்கு 63 வயது. பிபிக்கு தினமும் டெல்மிசார்டான் 40. முழங்கால் வலி என்று தெருமுனை மெடிக்கலில் கவரில் போட்டுத் தரும் மாத்திரையை ஒரு மாதமாகச் சாப்பிட்டிருக்கிறார், எனக்கு நேற்றுதான் தெரியும். வெட்டிய அட்டையில் "ஃபெனாக்" என்று பாதிப் பெயர்தான் இருக்கிறது. மூன்று நாளாகக் கால் வீக்கம், கொலுசுத் தடம் பள்ளமாக அப்படியே நிற்கிறது. கூப்பிட்டால் "வலி மாத்திரைக்கு எதுக்குடி ஆஸ்பத்திரி" என்கிறார். என்ன செய்யலாம்?

மருந்தாளுநர்_ஈரோடு:
நாளைக்கே கூட்டிப் போங்கள் சகோதரி. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிபியை ஏற்றும், டெல்மிசார்டானோடு சேரும்போது சிறுநீரகத்தையும் பாதிக்கலாம், சிறுநீரைப் பெருக்கும் நீர் மாத்திரையும் எடுத்தால் ஆபத்து இன்னும் கூடும். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறும் கழிவு), பொட்டாசியம் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள், பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். டைக்ளோஃபெனாக் மாத்திரை ஷெட்யூல் ஹெச் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. எனக்குக் கோபம் கொடுத்தவர் மேல்தான், அம்மா மேல் இல்லை. அப்புறம், கவரில் சின்னதாக வேறு மாத்திரை இருந்ததா? ஸ்டீராய்டு சேர்த்துத் தருகிறவர்களும் உண்டு, மாதக்கணக்கில் எடுத்திருந்தால் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான்.

கரூர்வாசி:
எங்கள் அப்பாவுக்கு இப்படித்தான் ஆனது. கிரியேட்டினின் 2.3க்குப் போய்விட்டது. "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று டாக்டர் கேட்டபோது "ஒண்ணும் இல்லையே" என்றார். பொய் சொல்லவில்லை, வலி மாத்திரையை அவர் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, சுக்கு மாதிரி அதுவும் வீட்டுச் சாமான் அவருக்கு. அட்டையைப் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. நிறுத்திய பின் சில வாரங்களில் 1.4க்கு இறங்கியது. அதனால் சளி மாத்திரை, சூரணம் உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

தேனிப்பெண்:
அதுவரை வலிக்கு என்ன கொடுப்பது?

மருந்தாளுநர்_ஈரோடு:
கல்லீரல் கோளாறு இல்லையென்றால் பாரசிட்டமால் 500 ஒன்று, தேவைப்பட்டால் ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம்.

தேனிப்பெண்:
சரி அண்ணா, மிக்க நன்றி. பையில் போடுவதற்காக மாத்திரைகளைத் தேடியதில் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் இன்னும் இரண்டு கவர் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை இருக்கிறது. இப்போதே கிளம்புகிறோம்.