ஸ்போர்ட்ஸ் காருக்கு பிபிஎஃப்: மைக்ரானைப் பார்ப்பதா, ஒட்டுபவரைப் பார்ப்பதா?

கருநீலம் கேட்கிறார்:

வணக்கம். இன்ஜின் நடுவில் அமைந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை முந்தைய உரிமையாளரிடமிருந்து அண்மையில் வாங்கினேன். நிறம் கருநீலம். பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான் ஓடும். வாய்ப்புக் கிடைக்கும்போது பந்தயத் தடத்திலும் ஓட்டிப் பார்க்கும் ஆசை இருக்கிறது. வண்டியின் மூக்கு தரையோடு ஒட்டினாற்போல் தாழ்ந்திருப்பதால், முன்னால் போகும் லாரிகளின் சக்கரங்கள் வாரியடிக்கும் பொடிக்கற்கள் பம்பரையும் பானெட்டின் முனையையும் தேடி வந்து பதம் பார்க்கின்றன. ஆகவே பெயின்ட்டின் மேல் நிறமற்ற பாதுகாப்பு ஃபிலிம், அதாவது பிபிஎஃப், ஒட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எதை ஒட்டுவது என்பதில்தான் தெளிவு வரவில்லை.

ஃபிலிமின் தடிமன் 150 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் தாராளம் என்கிறார் ஒருவர். 200க்குக் கீழே இறங்கவே கூடாது என்கிறார் இன்னொருவர். கணினியில் அளவெடுத்து வெட்டிய துண்டுகளை ஒட்டுவதே பாதுகாப்பு என்று ஓரிடத்திலும், சுருளை வண்டியின் மேலேயே விரித்துப் போட்டு வெட்டுவதே நேர்த்தி என்று மற்றோரிடத்திலும் சொல்கிறார்கள். பெயின்ட்டின் மேல் மெல்லியதாகப் பூசும் செராமிக் கோட்டிங் இருந்தால் ஃபிலிமே வேண்டாம் என்றவர்களும் உண்டு. முன்பக்கத்துக்கு மட்டும் ஒட்டினால் போதுமா, முழு வண்டிக்கும் ஒட்ட வேண்டுமா என்பதும் புரியவில்லை. இவை தவிர ஒரு சிறு ஐயம்: வெயிலில் பார்க்கும்போது முன் பம்பரின் நிறம் பக்கத்திலுள்ள ஃபெண்டரின் நிறத்தோடு மிக இலேசாக மாறுபடுகிறது. முன்பே ஒருமுறை மறுபெயின்ட் அடித்திருப்பார்களோ என்று தோன்றுகிறது. இதனால் தொல்லை ஏதேனும் வருமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஒட்டும்கை எழுதுகிறார்:

சிறு ஐயம் என்று நீங்கள் கடைசியில் சொன்னதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஃபிலிமின் பெயரையும் தடிமனையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது எதன் மேல் ஒட்டப்படுகிறது, யார் கையால் ஒட்டப்படுகிறது என்பவைதாம் விளைவைத் தீர்மானிக்கின்றன.

தொழிற்சாலையில் உலோக உடற்பகுதிக்கு அடிக்கும் பெயின்ட் ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் இறுக்கப்படுகிறது. பிளாஸ்டிக் பம்பர் அந்தச் சூட்டைத் தாங்காது என்பதால் பல நிறுவனங்கள் அதைத் தனியே, குறைந்த சூட்டில் பெயின்ட் செய்து பிறகு வண்டியில் பொருத்துகின்றன. மெட்டாலிக் நிறங்களில் பம்பருக்கும் ஃபெண்டருக்கும் இடையே இலேசான வேறுபாடு புது வண்டியிலேயே தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே நிறம் மாறுபடுகிறது என்பதை மட்டும் வைத்து மறுபெயின்ட் என்று முடிவு கட்ட வேண்டாம். கையடக்கத் தடிமன்மானியால் அளந்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், வழக்கமான மானி இரும்பு, அலுமினியம் போன்ற உலோகப் பரப்பில்தான் அளவு காட்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பிளாஸ்டிக்குக்கும் கார்பன் ஃபைபருக்கும் மீயொலி முறையில் அளக்கும் கருவி வேண்டும். அது கிடைக்காவிட்டால் பம்பரின் உள்விளிம்பையும் முகப்பு விளக்கின் குழியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டேப் ஒட்டி மறைத்த கோடோ, அருகிலுள்ள ரப்பரின் மேல் புகைபோல் படிந்த பெயின்ட் தூசியோ இருந்தால் பட்டறை வேலை நடந்திருக்கிறது.

மறுபெயின்ட் என்றால் ஒட்டவே கூடாது என்பதில்லை. பழைய பரப்பை ஒழுங்காகத் தேய்த்து, உரிய பிரைமர் போட்டு அடித்திருந்தால் நன்றாகவே பிடித்து நிற்கும். அரைகுறையாகச் செய்திருந்தால் ஒட்டும்போது ஒன்றும் தெரியாது. ஃபிலிமைச் சற்றே தூக்கி மறுபடி அமர்த்தும்போதோ, சில ஆண்டுகள் கழித்துக் கழற்றும்போதோ பசையோடு பெயின்ட்டும் உரிந்து வரும். அண்மையில் அடித்த பெயின்ட்டாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாக வழியில்லாமல் ஃபிலிம் மூடிவிடுவதால், ஈரம் காயாத சுவருக்கு வண்ணம் பூசியதுபோல் கொப்புளம் எழும். குறைந்தது 30 நாளாவது பொறுப்பது வழக்கம். பெயின்ட் தயாரிப்பாளர் அதைவிட அதிகமாகச் சொன்னால் அதையே கேளுங்கள்.

இனி வெட்டும் முறை. பிளாட்டர் எனப்படும் கணினி வெட்டுக்கருவியில் வெட்டிய துண்டை ஒட்டும்போது கத்தி உங்கள் பெயின்ட்டைத் தொடுவதே இல்லை. அது பெரிய நிம்மதி. ஆனால் துண்டின் ஓரம் பாகத்தின் விளிம்புக்கு ஓரிரண்டு மில்லிமீட்டர் முன்பாகவே நின்றுவிடும். கருநீலத்தில் அந்த ஓரத்தில் மெழுகும் தூசியும் சேர்ந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். சுருளிலிருந்து நேராக ஒட்டினால் ஃபிலிமை விளிம்பைச் சுற்றி உட்புறம் மடித்துவிடலாம், கோடு தெரியாது. ஆனால் கை ஒரு கணம் அழுந்தினால் பெயின்ட்டின் மேலடுக்கான நிறமற்ற கிளியர் கோட்டில் வெட்டு விழும், அது ஃபிலிமைக் கழற்றும் வரை உங்கள் கண்ணுக்குப் படாது. நல்ல ஒட்டுநர்கள் இரண்டையும் கலக்கிறார்கள்: கணினி வடிவத்தையே மடிப்புக்கான உபரி விட்டு வெட்டிக்கொண்டு, விளிம்பைக் கையால் மடிக்கிறார்கள். நீங்கள் பேசும் கடை இப்படிச் செய்யுமா, விளக்கையும் சின்னங்களையும் கழற்றி ஒட்டுமா என்று கேளுங்கள். அன்று முடித்த வண்டியைக் காட்டினால் அதை வைத்து மதிப்பிடாதீர்கள். ஒரு வருடத்துக்கு முன் ஒட்டியதைக் காட்டச் சொல்லுங்கள். பம்பரின் குழிந்த மூலைகளில் அளவுக்கு மீறி இழுத்து ஒட்டிய ஃபிலிம் மெல்லச் சுருங்கி எழும்புவது அப்போதுதான் தெரியும்.


பலபடி எழுதுகிறார்:

மேலே நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதைச் சற்றுத் திருத்த விரும்புகிறேன், ஏனென்றால் மோசமான பொருளை எவ்வளவு தேர்ந்த கையாலும் காப்பாற்ற முடியாது.

இந்த வகை ஃபிலிம் வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டரின் சுழலும் இறகுகளை மணலிலிருந்தும் சிதறல்களிலிருந்தும் காப்பதற்கு 3எம் நிறுவனம் உருவாக்கிய பாலியூரித்தேன் டேப்பிலிருந்து வளர்ந்தது. கல்லின் வேகத்தை எதிர்த்து நிற்காமல், நெகிழ்ந்து உள்வாங்கிக்கொள்வதே அதன் வேலை. அதனால்தான் இன்றைய தரமான ஃபிலிமின் உடல் டிபியூ எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேனால் ஆனது. பிவிசி மலிவானது, ஒட்டும்போது சொன்னபடி கேட்கும். ஆனால் அதில் கலந்துள்ள நெகிழ்வூட்டிகள் காலப்போக்கில் வெளியேற, விறைத்து வெடிக்கும். டிபிஎச் என்று விற்கப்படுவதும் பெயர் மாறிய பிவிசிதான் என்று வைத்துக்கொள்ளலாம். டிபியூவிலும் இரண்டு வகை உண்டு: அரோமாடிக் வகை புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மஞ்சளாகும், அலிபாடிக் வகை அதைத் தாங்கும். ஆகவே டிபியூவா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அலிபாடிக் டிபியூவா என்று கேளுங்கள். பசையும் மஞ்சளாகக்கூடியதே என்பதால் பெயர் தெரியாத சுருளில் அலிபாடிக் என்று அச்சிட்டிருந்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

தடிமனுக்கு வருவோம். சந்தையில் 8 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று சொல்லப்படுவது ஏறத்தாழ 200 மைக்ரான். அதில் நடுவிலுள்ள டிபியூ 150 மைக்ரான் அளவில் இருக்கும்; மீதி பசையும் மேற்பூச்சும். எனவே 150 என்று சொன்னவரும் 200 என்று சொன்னவரும் ஒரே ஃபிலிமைப் பற்றிக்கூடப் பேசியிருக்கலாம். எந்த அடுக்குகளைச் சேர்த்து இந்த எண் என்று கேட்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். தொழிற்சாலை கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான் என்பதை நினைத்தால், அதன் மேல் 200 மைக்ரான் நெகிழும் பொருள் எவ்வளவு பெரிய காப்பு என்பது விளங்கும். செராமிக் கோட்டிங்கோ ஓரிரு மைக்ரான். அது நீரை உருட்டிவிடும், கழுவுவதை எளிதாக்கும், கல்லைத் தடுக்காது. இரண்டும் வேண்டுமென்றால் முதலில் ஃபிலிம், அதன் மேல் செராமிக். மாற்றிச் செய்தால் பசை சரியாகப் பிடிக்காது.

ஃபிலிமில் விழும் கீறல் தானே ஆறிவிடும் என்று விளம்பரப்படுத்தும் தன்மை பற்றியும் ஒரு சொல். பித்தளைத் தூரிகையால் பறபறவென்று கீறி, வெந்நீர் ஊற்றி, கோடுகள் மறைவதைக் காட்டும் காணொளிகள் பொய்யல்ல. மேற்பூச்சு சூட்டில் இளகித் தன் வடிவத்துக்குத் திரும்புகிறது. ஆனால் அது கழுவும்போது விழும் மெல்லிய சுழிக்கோடுகளுக்கு மட்டுமே. கல் குத்திக் கிழித்த இடம் எந்த வெயிலிலும் ஆறாது.


தடத்துக்காரர் எழுதுகிறார்:

எங்கே ஒட்டுவது என்பதை யாரும் தொடவில்லை. ஸ்போர்ட்ஸ் காரில் அது சாதாரணக் காரைப் போன்ற கேள்வியன்று.

முன் பம்பர், முழு பானெட், இரு ஃபெண்டர்கள், கண்ணாடிகளின் முதுகு, முகப்பு விளக்குகள் ஆகியவற்றை எல்லோரும் சொல்வார்கள். பானெட்டின் முன்பாதிக்கு மட்டும் ஒட்டும் சிக்கன வழி கருநீலத்தில் வேண்டவே வேண்டாம். குறுக்கே ஓடும் அந்தக் கோட்டை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பலரும் மறந்துவிடும் பகுதி வண்டியின் பின்பாதியில் இருக்கிறது. உங்களுடையது போன்ற காரில் பின்சக்கரத்தின் மேலுள்ள உடல் கதவைத் தாண்டிப் புடைத்து நிற்கும். முன்டயர் அகலமானது, சூடேறினால் ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் வேறு. அது தரையிலுள்ள பொடிக்கல்லை எடுத்து நேரே அந்தப் புடைப்பின் மீதும், கதவுக்குக் கீழுள்ள பட்டையின் மீதும், பக்கவாட்டுக் காற்றுத் துளையின் விளிம்பின் மீதும் வீசும். தடத்தில் முன்னால் போகும் வண்டிகளின் டயரிலிருந்து பிய்ந்து வரும் ரப்பர்த் துணுக்குகளும் இதில் சேரும். முன்பக்கத்துக்குச் செலவழித்துவிட்டு இந்த இடங்களை விட்டுவிட்டால் முகம் புதிதாகவும் இடுப்பு அம்மைத் தழும்பாகவும் நிற்கும்.

கூரையின் முன்விளிம்பும் அதைத் தாங்கும் முன்தூண்களும் அடுத்த நிலை. கதவு, பின்மூடி ஆகியவற்றில் கல் அரிதாகவே படும். அங்கே ஃபிலிம் வண்டி நிறுத்துமிடத்துக் கீறல்களுக்கும் கழுவும் துணிக்கும்தான். என்னைக் கேட்டால், முழு வண்டிக்கும் சுமாராக ஒட்டுவதைவிடக் கல் படும் இடங்களுக்குச் சிறப்பாக ஒட்டுவதே மேல். ஆனால் பளபளப்பில்லாத மேட் பெயின்ட் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அதைப் பாலிஷ் செய்து சரிப்படுத்த முடியாது என்பதால் அவர்கள் மேட் ஃபிலிமையே முழுவதும் ஒட்டுவதுதான் நியாயம். பளபளப்பு ஃபிலிம் ஒட்டினால் மேட் தோற்றமே போய்விடும்.

இன்னும் தடிமனான 250 மைக்ரான் ஃபிலிமைப் பற்றி: தட்டையான பாகங்களில் அது நல்லதுதான், ஆனால் தாழ்ந்த மூக்கின் கூர்வளைவுகளிலும் காற்றுத் துளைகளுக்குள்ளும் அது மடங்க மறுக்கிறது. தடநாளுக்கு மட்டும் கூடுதல் காப்பு வேண்டுமென்றால், நிரந்தர ஃபிலிமின் மேல் அன்று ஒட்டி அன்றே உரித்துவிடும் தற்காலிகப் படலங்கள் கிடைக்கின்றன.


கருநீலம் எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. விளக்கின் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். டேப் கோடு இருக்கிறது. ஒட்டும்கை அவர்களிடம் இன்னும் இரண்டு கேள்விகள். எக்ஸ்பெல், 3எம், சன்டெக், லூமர், ஸ்டெக் ஆகிய ஃபிலிம் பிராண்டுகள் எல்லாமே பத்தாண்டு வாரண்டி என்ற பேச்சோடுதான் வருகின்றன. அதை எவ்வளவு நம்பலாம்? ஒட்டிய பிறகு பராமரிப்பு எப்படி?


ஒட்டும்கை எழுதுகிறார்:

நீங்கள் சொன்ன பெயர்களில் எதை எடுத்தாலும் பொருளின் தரம் அடிமட்டத்தில் இருக்காது. சன்டெக், லூமர் இரண்டும் ஈஸ்ட்மன் என்ற ஒரே நிறுவனத்தின் பெயர்கள்தாம். எந்த ஃபிலிமில் உங்கள் ஒட்டுநரின் கை பழகியிருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் இழுவையும் பசையின் பிடிப்பும் வேறு வேறு.

வாரண்டியை வாய்ச்சொல்லாக ஏற்காதீர்கள். பொதுவாக மஞ்சளாதல், வெடித்தல், அடுக்கு பிரிதல் ஆகியவற்றுக்கே அது பொருந்தும். கல் கிழித்ததற்கும் ஓரம் எழும்பியதற்கும் பெரும்பாலும் பொருந்தாது. ஓரத்துக்குக் கடைக்காரர் தனியாக எழுதித் தர வேண்டும். மறுபெயின்ட் உரிந்தாலும் தயாரிப்பாளர் பொறுப்பேற்க மாட்டார் என்பதால், உங்கள் பம்பருக்கு ஒட்டத்தான் போகிறீர்கள் என்றால், அது ஒட்டும் நிலையில் இருக்கிறதா என்று நல்ல பெயின்டர் ஒருவரிடம் முன்னரே காட்டிவிடுங்கள். சுருளின் வரிசை எண் உங்கள் வண்டியின் பெயரில் பதிவாகிறதா என்றும் பாருங்கள். ஒட்டுவதற்கு முன் பெயின்ட்டின் சுழிக்கோடுகளைப் பாலிஷ் செய்து நீக்கச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றியதாக முடியும். பம்பரில் மீயொலி பார்க்கிங் சென்சார் இருந்தால் அதன் முகத்தை விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

ஒட்டிய பின் அடியில் சிக்கிய நீர் மெல்ல ஆவியாகும் வரை, சிறு நீர்க்குமிழிகளும் மங்கலும் தெரிவது இயல்பு. ஊசியால் குத்த வேண்டாம். ஒரு வாரம் கழுவாதீர்கள். அதன் பிறகு காரமோ அமிலமோ மிகாத ஷாம்பு போதும். அழுத்த நீர்க்குழாயை ஓரங்களுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். அரைக்கும் தன்மையுள்ள பாலிஷ் வேண்டாம். பறவை எச்சத்தையும் ஒட்டிய பூச்சிகளையும் அன்றன்றே ஊறவைத்துத் துடையுங்கள், மேற்பூச்சில் கறை ஏறிவிடும். பல ஆண்டுகள் கழித்துக் கழற்றும் நாள் வந்தால், நீராவியோ ஹீட் கன்னோ காட்டிச் சூடாக்கி, பரப்போடு படுத்தாற்போல் தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். செங்குத்தாக இழுத்தால் பசை அடியிலேயே தங்கிவிடும், அதை எடுப்பது ஒட்டுவதைவிட நீண்ட வேலை.