லைப்சிக் பால்கனிப் படம்: குறிப்பில் வீடு வரணுமா, வேண்டாமா?

திருநகர்:
பள்ளி நூலகச் சுவருக்கு இரண்டாம் உலகப்போர்ப் படங்கள் ஆறு தயாராகின்றன. ஐந்துக்குக் குறிப்பு முடிந்தது, ஆறாவதில் இழுபறி. போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா 1945 ஏப்ரல் 18 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு குடியிருப்புக்குள் எடுத்தது. அமெரிக்க இயந்திரத் துப்பாக்கிக்காரர் ஒருவர் சுடப்பட்டு, பால்கனி வாசலில் சரிந்து கிடக்கிறார். தரையில் ரத்தம் பரவியிருக்கிறது. எழுதியிருக்கும் குறிப்பு: "இரண்டாம் உலகப்போரில் இறந்த கடைசி வீரர். லைப்சிக், 1945." அச்சு அகலம் 18 அங்குலம். திங்கட்கிழமை கடைக்குப் போகிறது, அதற்குள் திருத்தம் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை:
மொதல்ல அந்த 'கடைசி வீரர்'ங்கிறத எடுங்க சார். லைஃப் பத்திரிகை மே 14 இதழ்ல வச்ச தலைப்பு அது, தகவல் இல்ல. ஏப்ரல் 18க்கு அப்புறம் ஐரோப்பாவுல மட்டும் மே 8 வரைக்கும் சண்டை நடந்துச்சு. பசிபிக் பக்கம் ஆகஸ்ட் வரைக்கும்.

பேரும் தெரிஞ்ச பேருதான். ரேமண்ட் போமன், 21 வயசு, நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர்காரர். 2ஆவது காலாட்படை டிவிஷன், 23ஆவது ரெஜிமென்ட். கூட இருந்தவர் லேமன் ரிக்ஸ். போமன் விழுந்ததும் அவரத் தாண்டிப் போய் துப்பாக்கியப் பிடிச்சது அவருதான். 2021ல, 101 வயசுல இறந்தாரு. இந்த ரெண்டு பேரையும் போட்டா குறிப்பு முடிஞ்சுச்சு. வேற ஒண்ணும் வேணாம்.

செல்லூர்:
பெயர் போடுவது சரி. 'வேற ஒண்ணும் வேணாம்' என்பதுதான் சரியில்லை. படத்தில் பாதி இடம் வீடு: கதவு, தரை, அறை. குறிப்பில் அது 'லைப்சிக்' என்று ஊராகச் சுருங்கிவிட்டது. இந்தக் குறிப்பைப் படிக்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளை தெருவில் நடந்த சாவு என்றுதான் நினைக்கும். யாரோ குடியிருந்த அறைக்குள் பூட்ஸோடு போய், அவர்கள் பால்கனியில் துப்பாக்கி பொருத்தி, அங்கேயே இறந்தார். இதில் எதை விட்டாலும் படம் வேறு படமாகிவிடும்.

தெப்பக்குளம்:
ஜெர்மன்காரன் வீட்டுக்கு இம்புட்டு இரக்கமாக்கா? அதே ஏப்ரல் 18, அதே லைப்சிக், தேக்லா பக்கம் இருந்த வதைமுகாம் கொட்டகைல கைதிகள அடைச்சுத் தீ வச்சது ஹிட்லரோட எஸ்.எஸ். படை. அதுக்கு ஒரு வரி போடுங்க. பூட்ஸோட உள்ள வந்துட்டாங்கன்னு அழுகுறதுக்கு அது ஒண்ணும் நம்ம ஊரு பூஜை ரூம் இல்ல.

செல்லூர்:
தேக்லாவுக்கு ஒரு படமே போடலாம், மார்கரெட் போர்க்-வைட் எடுத்தது இருக்கிறது. அதை ஏழாவதாக வைக்கச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் தேக்லாவில் தீ வைத்தவன் இந்த வீட்டுக்காரன் என்று இந்தப் படம் சொல்லவில்லை. நான் கேட்பது இரக்கம் இல்லை தம்பி, இடக்குறிப்பு.

இன்னொரு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12 நாள் கழித்து, ஏப்ரல் 30, மியூனிக் நகரம், பிரின்ஸ்ரெகென்டன்பிளாட்ஸ் 16ஆம் எண் வீடு. ஹிட்லரின் குளியல் தொட்டிக்குள் அமெரிக்கப் படையோடு வந்த நிருபர் லீ மில்லர். எடுத்தவர் டேவிட் ஷெர்மன். தொட்டி விளிம்பில் ஹிட்லர் படம் சாத்தி வைக்கப்பட்டிருக்கும், மிதியடி மேல் டாஹாவ் வதைமுகாமின் சேறு ஒட்டிய பூட்ஸ் கிடக்கும். அந்தப் படத்தை எங்கே போட்டாலும் முதல் வரியில் 'ஹிட்லர் வீட்டில்' என்று வந்துவிடுகிறது. பெரிய மனுஷன் வீடென்றால் வீடு குறிப்பில் ஏறும், பேர் தெரியாதவர் வீடென்றால் பின்னணியாகிவிடும். எனக்கு உறுத்துவது இதுதான்.

ஒத்தக்கடை:
ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்கக்கா. குளியல் தொட்டிப் படம் யோசிச்சு அடுக்கி எடுத்தது. ஷெர்மனும் அதே தொட்டில உக்காந்தாரு, அவர மில்லர் எடுத்தாக. அங்க வீடுதான் விஷயம். லைப்சிக்ல வீடு ஒரு சுடுமேடை, துப்பாக்கி வச்சுச் சுடுற எடம், அவ்வளவுதான். எதிர்ல ஸெப்பலின் பாலம். அதுல அமெரிக்கப் படை நடந்து போகணும், அதுக்கு மேலருந்து காவல் வேணும். உயரமும் பார்வையும் கெடைக்கிற எடம் அந்த பால்கனி.

அது ஏன் பால்கனின்னு தெரிஞ்சா படம் இன்னும் வெளங்கும். கட்டடத்துல சுடுமேடை போடுறப்ப பொதுவா ஜன்னல ஒட்டி வைக்க மாட்டாக. அறைக்குள்ள ரெண்டு மூணு மீட்டர் தள்ளி நிழல்ல வச்சாத்தான் குழல் வாய்ல வர்ற தீ வெளிய தெரியாது. ஆனா பிரவுனிங் எம்1919 துப்பாக்கி 14 கிலோ, அதோட முக்காலி ஆறரைக் கிலோ கிட்ட. முக்காலியோட உயரம் தரைலருந்து ஒரு அடி சொச்சந்தான். ஜன்னல் கட்டை இடுப்பளவு நிக்கும். தரைல வச்சா குழல் கட்டைக்குக் கீழயே மாட்டிக்கும். மேசை இழுத்துப் போட்டு அதுக்கு மேல ஏத்தணும், மேசை ஆடாம முட்டுக் குடுக்கணும். அப்புடியே ஏத்துனாலும் உள்ள தள்ளி வச்சா கீழ தெருவப் பாக்குற கோணம் குறைஞ்சுபோகும். பால்கனிக்குப் போனா பார்வை முழுசாக் கெடைக்கும், மறைவு போயிரும். ஒளிஞ்சிருந்து சுடுறவனுக்கு அது போதும்.

மேலூர்:
ண்ணே, 'மேசை இழுத்துப் போட்டு'ன்னு சாதாரணமாச் சொல்லிட்டீங்க. யாரு மேசை?

ஒத்தக்கடை:
வீட்டுக்காரன் மேசைதான், வேற யாரு மேசை. சண்டைக்கு நடுவுல ரசீது போட்டா வாங்குவாக?

சிம்மக்கல்:
ரசீது என்ற பேச்சு வந்ததால் சட்டத்தைச் சரியாக வைத்துவிடலாம். சிலர் உடனே 1949 ஜெனீவா ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1945 படத்துக்கு அது பொருந்தாது. அன்றைக்கு இருந்தது 1907 ஹேக் விதிகள். அதிலும் இரண்டு கட்டம் உண்டு. ஊர் எதிரிப்படையின் கைக்குள் முழுதாக வந்தபிறகுதான் ஆக்கிரமிப்புப் பிரிவு தொடங்கும் (42ஆம் விதி). குடும்ப மானம், தனியார் சொத்து இரண்டையும் மதிக்கச் சொல்லும் 46, பொருள் கேட்டு வாங்கினால் ரொக்கம் அல்லது ரசீது என்னும் 52, இரண்டும் அந்தப் பிரிவில் வருபவை. சண்டை நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டியது 23(ஜி): போரின் கட்டாயத் தேவை இல்லாமல் எதிரியின் சொத்தை அழிக்கவோ எடுக்கவோ கூடாது. கூடவே 28: தாக்கிப் பிடித்த ஊரானாலும் கொள்ளையடிக்கக் கூடாது.

ஆக, பால்கனியில் துப்பாக்கி வைத்ததில் சட்டப்படி குற்றம் சொல்ல இடமில்லை, ஒத்தக்கடை சொல்வது சரி. ஆனால் 'கட்டாயத் தேவை' என்ற சொல் மேசைக்கும் பால்கனிக்கும்தான் காவல். அலமாரி வெள்ளிக் கரண்டிக்கு வராது.

மேலூர்:
அங்கதான் நான் வர்றேன். வீட்டுக்குள்ள பட்டாளம் நிக்கிற படம் லைப்சிக்ல முடியல. 1990ல இலங்கைல, யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குல சனத்த வெளியேத்திட்டு அந்த மண்ண ராணுவத்தோட உயர்பாதுகாப்பு வலயமாக்குனாக. திரும்பிப் போனவுகள்ல எத்தனையோ பேருக்குக் கெணறும் அஸ்திவாரமுந்தான் மிச்சம். அதுக்கு முன்னாடி 87லருந்து 90 வரைக்கும் அங்க இருந்தது நம்ம அமைதிப்படை. காஸாவுல வீடுகளுக்குள்ள நின்னு, அங்கிருந்த பெண்களோட உள்ளாடையத் தூக்கிக் காட்டி இஸ்ரேல் சிப்பாய்களே படம் போட்டாக. 2024 பிப்ரவரில அவுக தளபதி ஹலேவியே, நம்மளுது இல்லாத எதையும் எடுக்காதீக, பழிவாங்குற வீடியோ எடுக்காதீகன்னு கடிதம் எழுத வேண்டி வந்துச்சு. லைப்சிக்குக் குறிப்பு எழுதுறப்ப வீட்ட விட்டா, இதுக்கெல்லாம் எந்தக் கண்ணால பாப்பாக பிள்ளைக?

ஒத்தக்கடை:
நீ கொட்டிக் கலக்காத தம்பி. சண்டைக்கு நடுவுல சுடுமேடைக்கு வீட்ட எடுக்குறது ஒண்ணு. சனத்த அனுப்பிட்டு வருசக்கணக்கா உக்காந்துக்கிறது ஒண்ணு. அலமாரியத் தொறந்து அடுத்தவுக துணியக் கையில எடுத்துப் பல்லக் காட்டுறது இன்னொண்ணு. மூணுக்கும் ஒரே குறிப்பு எழுதுனா மூணாவதப் பண்ணவன்தான் தப்பிச்சுக்குவான். போமன் கையில கரண்டி இல்ல, குண்டு வார் இருந்துச்சு.

சிம்மக்கல்:
இது ஏற்கத்தக்க வேறுபாடு. மூன்றாவது வகைக்கு இன்றைய 1949 ஒப்பந்தத்தின் 27ஆம் விதியே நேராகப் பேசுகிறது: மானம், குடும்ப உரிமை. கொள்ளைக்கு 33.

செல்லூர்:
நானும் ஏற்கிறேன். அந்த வேறுபாட்டைப் படத்தில் கண்டுபிடிக்க எதைப் பார்ப்பீர்கள்? முகத்தையா? முகம் மூன்றிலும் ஒன்றுதான், களைத்த இளைஞன். கை எங்கே இருக்கிறது, இழுப்பறை திறந்திருக்கிறதா, ஜன்னலைப் பார்த்து நிற்கிறானா கேமராவைப் பார்த்து நிற்கிறானா, சுவர்ப் படம் ஆணியில் இருக்கிறதா தரையில் கிடக்கிறதா. இதெல்லாம் வீடு சொல்லும் சேதி. வீட்டைக் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டால் உங்கள் மூன்று வகையும் ஒரே வகையாகிவிடும் அண்ணே.

இடையில் ஒன்று. 1858இல் மதுரையைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்பும் கம்பெனிப் படையின் கேப்டன்தான். மகாலும் புதுமண்டபமும் அவர் படங்களில் பெரும்பாலும் ஆளரவமில்லாமல் நிற்கும். மெழுகிட்ட காகித நெகடிவுக்கு நெடுநேரம் ஒளி வேண்டும், நடமாடுகிறவர் பதிய மாட்டார். அங்கே ஆள் இல்லாத வீடு, இங்கே வீடு இல்லாத ஆள்.

தெப்பக்குளம்:
சரி, வீட்டப் போடுங்க. 'புகுந்த வீடு'ன்னு போட்டுறாதீங்க, லைப்சிக்ல கல்யாணம்னு நெனச்சுக்கும் பிள்ளைக.

திருநகர்:
சிரிப்பாக இருந்தாலும் அதுதான் என் பிரச்சினை. 'கைப்பற்றிய வீடு' என்றால் கோட்டை மாதிரி ஒலிக்கிறது. 'ஆக்கிரமித்த' என்றால் சிம்மக்கல் ஐயா 42ஆம் விதியைக் காட்டுவார். பக்கத்தில் திருப்பரங்குன்றம், முதல் படைவீடு. அந்தச் சொல்லைப் போட்டால் பிள்ளைகள் முருகனைத் தேடுவார்கள். முகத்தை மறைக்க வேண்டுமா என்றும் ஒரு ஆசிரியை கேட்கிறார்.

செல்லூர்:
லைஃப் இதழும் முகத்தை மறைத்துத்தான் போட்டது. ஆனாலும் வீட்டார் கண்டுபிடித்துவிட்டார்கள், சட்டைக் கழுத்துப்பட்டியில் இருந்த எழுத்துப் பொறித்த சின்ன ஊசியை வைத்து. முகத்தை மறைப்பதால் ஆள் மறைவதில்லை. பிள்ளைகளுக்காக என்றால் நுழைவாயிலுக்கு நேரே மாட்டாமல் அலமாரி திருப்பத்தில் மாட்டுங்கள்.

அச்சு பற்றி: உங்களிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த கோப்பா? சாதாரணத் தரத்தில் வந்திருந்தால் நீளப்பக்கம் 1600 பிக்சல்தான் இருக்கும். 18 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 89 புள்ளி, எட்ட நின்றாலே பிசிறடிக்கும். 150 புள்ளியாவது வேண்டும், அதாவது 2700 பிக்சல். அந்தக் குறையை ஏஐ வைத்து நிரப்பாதீர்கள். வெறும் சுவரில் பூவேலை முளைக்கும், கதவுக்கு இல்லாத பிடி வரும். யார் வீடு என்று சண்டை போட்டுவிட்டு இல்லாத வீட்டை மாட்டியதாகும். வண்ணம் ஏற்றிய பிரதியும் வேண்டாம். பளபளப்புத் தாளும் வேண்டாம், குழல்விளக்கு ஒளி நேராகப் படத்தில் விழும். மேட் தாள், 5 மி.மீ. சன்போர்டு, படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 50 அங்குலத்தில்.

ஒத்தக்கடை:
இன்னொன்னு பாத்துக்கங்க. வலம் இடம் மாறுன பிரதியும் சுத்தும். எம்1919ல 250 குண்டு வார் இடப்பக்கந்தான் உள்ள போகும், ஊட்டுறவரும் சுடுறவருக்கு இடப்பக்கந்தான் இருப்பாரு. வார் வலப்பக்கம் தெரிஞ்சா படம் வலம் இடம் மாறுனது. அது தெரியலன்னா சட்டைப் பொத்தானப் பாருங்க, ஆம்பளச் சட்டைக்கு இடப்பட்டை மேல வரும்.

சிம்மக்கல்:
உரிமை பற்றிக் கேட்பார்கள். காப்பா 1954 மே 25இல் வியட்நாமில் கண்ணிவெடியில் இறந்தார். இந்தியச் சட்டப்படி இறப்புக்குப் பின் 60 ஆண்டு, 2014 முடிவோடு தீர்ந்தது. நல்ல கோப்பைப் பட நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கினால் அவர்கள் நிபந்தனை தனி.

திருநகர்:
இதோ புதியது: "லைப்சிக், ஜெர்மனி, 1945 ஏப்ரல் 18. அமெரிக்கப் படைவீரர் ரேமண்ட் போமன், 21, பாலத்தைக் காக்கத் துப்பாக்கி பொருத்தப்பட்டிருந்த, ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் சுடப்பட்டு இறந்தார். படம்: ராபர்ட் காப்பா."

ஒத்தக்கடை:
'ஒரு குடும்பத்தின்'னு எதப் பாத்துச் சொல்றீங்க? படத்துல குடும்பம் இல்ல. குடியிருப்புன்னு போடுங்க, அது கண்ணுக்குத் தெரியுது.

செல்லூர்:
தெரிந்ததை மட்டும் எழுதச் சொல்கிறீர்கள், அதில் நான் தோற்றேன். 'குடியிருப்பு' போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இடிந்து கிடந்த அந்தக் கட்டடத்தை மீட்டு, யான்அல்லே 61, 'காப்பா இல்லம்' என்று பெயர் வைத்தார்கள். பக்கத்துத் தெருவுக்குப் போமன் பெயர். எடுத்தவருக்கு வீடு, இறந்தவருக்குத் தெரு. குடியிருந்தவர்களுக்கு உங்கள் சுவரில் ஒரு சொல், அது முதல் வரியில் வரட்டும்.

திருநகர்:
முதல் வரியில் ஊரும் தேதியும் போனால் மூன்று சொல்லுக்குத்தான் இடம் அம்மா. இரண்டாவது வரித் தொடக்கத்தில் வைக்கிறேன்.

செல்லூர்:
எழுத்தளவைக் குறையுங்கள். 24 புள்ளியை 22 ஆக்கினால் இடம் கிடைக்கும்.

தெப்பக்குளம்:
ஏழாவது படம் தேக்லா. அதுக்கு யாரும் பதில் சொல்லல.

திருநகர்:
ஆணி ஆறுதான் அடித்திருக்கிறது. ஏழாவது அடிக்கச் சொல்லிவிட்டேன்.