ஜான் ஃபைன்ஸ்டீன் உங்களுக்கு எப்படி அறிமுகம்?

எனக்கு அவர் முதலில் ஒரு குரல்தான். மேரிலாந்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலை நெரிசலில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது என்.பி.ஆர். என்கிற அமெரிக்கப் பொது வானொலியில் சில நிமிஷம் வருவார். கூடைப்பந்து, கோல்ஃப், டென்னிஸ் எதுவானாலும் சரி, படபடவென்று பேசுவார். யாரையாவது ஒரு பிடி பிடிக்காமல் முடிக்க மாட்டார்.

அவர் எழுத்தாளர் என்பதே அப்புறம்தான் தெரிந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1977-இல் வாஷிங்டன் போஸ்டில் சேர்ந்தவர். ஆரம்பத்தில் இரவு நேரப் போலீஸ் செய்திகள், பிறகு மேரிலாந்து அரசியல். விளையாட்டுப் பக்கத்துக்கு வந்த பிறகும் அந்தப் போலீஸ் நிருபர் புத்தி போகவில்லை: சம்பவ இடத்தை விட்டு நகர மாட்டார். 40-க்கும் மேற்பட்ட புத்தகங்கள். டைகர் உட்ஸ் மாதிரி ஆட்களைச் சுற்றியே எழுதியும் பிழைத்திருக்கலாம். இவரோ கோல்ஃப் தகுதிச்சுற்றில் தட்டுத்தடுமாறுகிறவர்கள், பேஸ்பாலில் பெரிய லீகுக்கு ஒரு படி கீழே காத்துக்கிடப்பவர்கள், நரம்பு நோயோடு கோல்ஃப் வீரர் டாம் வாட்சனுக்கு உதவியாளராக (caddie) மட்டைப் பை தூக்கிய புரூஸ் எட்வர்ட்ஸ் என்று தேடிப் போனார். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பக்கம்தான்.

2025 மார்ச் 13 அன்று 69 வயதில் இறந்தார். முதல் நாள்கூட மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து கோச் டாம் இஸோ பற்றிப் பத்தி எழுதி அனுப்பியிருந்தார்.

* * *

நான் படித்தது புளூமிங்டனில், இண்டியானா பல்கலைக்கழகத்தில். அங்கே இவர் பெயரைச் சொன்னால் முகம் சுளிக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் பாப் நைட். இண்டியானா கூடைப்பந்து அணிக்கு 3 தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்த கோச். 1985 பிப்ரவரியில் பர்டியூ அணியோடு நடந்த ஆட்டத்தில் கோபம் தலைக்கேறி நாற்காலியைக் களத்துக்குள் வீசியவரும் அவரே.

அந்த மனுஷர் அடுத்த சீசன் முழுக்க ஃபைன்ஸ்டீனைக் கூடவே இருக்க விட்டார். பயிற்சி, டிரெஸ்ஸிங் ரூம், ஆட்டத்தின் நடுவே நடக்கும் ஆலோசனை என்று எங்கேயும் கதவைச் சாத்தவில்லை. 1986-இல் 'எ சீசன் ஆன் தி பிரிங்க்' வந்தது. பதிப்பாளர் கொடுத்திருந்த முன்பணம் 17,500 டாலர்தான். புத்தகமோ நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

ரூம்மேட்டின் பழைய பேப்பர்பேக்கில் படித்தேன். எடுத்த எடுப்பிலேயே டேரில் தாமஸ் என்ற பையனை நைட் வறுத்தெடுக்கிற காட்சி. ஆறடி ஏழங்குலப் பையன் அழுகிறான். அந்த சீசன் முடிந்ததும் பெருமையாக இல்லை: 1986 மார்ச்சில், தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே கிளீவ்லாந்து ஸ்டேட்டிடம் 83-79 என்று தோற்று வெளியேறினார்கள். நைட்டுக்கு ஆத்திரம் இதையெல்லாம் எழுதியதற்காக அல்ல. தன் வாயில் வந்த கெட்ட வார்த்தைகள் அச்சில் ஏறிவிட்டதே என்றுதான். அவை இல்லாமல் நைட் பேசுவதை எழுதவே முடியாது என்பது இவர் கட்சி. இருவரும் பல வருஷம் பேசிக்கொள்ளவில்லை.

வேடிக்கை என்னவென்றால், 2005-இல் கடற்படை அகாடமி அணிக்காக வானொலி வர்ணனை செய்துகொண்டிருந்தபோது நடுவர்கள் மேல் வந்த கோபத்தில் இவர் வாயிலிருந்தும் அதே ரகத்தில் ஒரு வார்த்தை நேரலையில் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டார். நைட் அதைக் கேள்விப்பட்டிருந்தால் எப்படிச் சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புத்தகம் வந்த அடுத்த வசந்தத்திலேயே, 1987 இறுதி ஆட்டத்தில், இண்டியானா சிரக்யூஸை 74-73 என்று வென்றது. கடைசி நொடிகளில் கீத் ஸ்மார்ட் போட்ட பந்துக்கு வழி செய்து கொடுத்தது யார்? முதல் அத்தியாயத்தில் அழுத அதே டேரில் தாமஸ். நைட்டின் முறை பலித்தது என்பார்கள் ஊர்க்காரர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவ்வளவு திட்டையும் தாங்கிக்கொண்டு, தான் எறியாமல் பந்தைக் கைமாற்றிவிட்ட பையனுக்குத்தான் அந்தப் பெருமை போக வேண்டும்.

* * *

எங்கள் வீட்டுக்கு ஃபைன்ஸ்டீன் வந்தது என் மகன் வழியாக. புத்தகம் என்றாலே ஓடுகிற பிள்ளை. நூலகர்தான் 'லாஸ்ட் ஷாட்' எடுத்துக் கொடுத்தார். கட்டுரைப் போட்டியில் ஜெயித்து நியூ ஆர்லியன்ஸில் நடக்கும் கல்லூரிக் கூடைப்பந்து ஃபைனல் ஃபோருக்கு (கடைசி நான்கு அணிகள் மோதும் கட்டம்) நிருபர்களாகப் போகிற இரண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், அங்கே மறைவில் நடக்கும் ஒரு மிரட்டலைக் கண்டுபிடிக்கிற கதை. துப்பறியும் கதைகளுக்கான எட்கர் விருது வாங்கியது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே விரித்து வைத்துப் படித்தான். அடுத்து இவர் எழுதியதில் எதைக் கொடுக்கலாம்? பெரியவர்களுக்கு எழுதியது இப்போதைக்கு வேண்டாம், மேலே சொன்ன கெட்ட வார்த்தைகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.