ஒரு மணி நேரம் ஓடியபின் அணைந்துவிடும் படகு எஞ்சின்: வழி சொல்லுங்கள்

கேள்வி (தஞ்சோங் தோக்கோங், பினாங்கு)

வணக்கம். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நானும் என் கணவரும் 36 அடிப் பாய்மரப் படகு ஒன்றில் வாழ்ந்து வருகிறோம். பாயும் சுக்கானும் அவருடைய பொறுப்பு, எஞ்சினும் மின்கலங்களும் என்னுடைய பொறுப்பு என்று தொடக்கத்திலேயே பிரித்துக்கொண்டதால், இந்தக் கேள்வியை நான் எழுதுகிறேன்.

மகளின் பிரசவத்துக்காக ஐந்து மாதம் கோலாலம்பூரில் தங்கியிருந்தபோது படகு லங்காவியில் கட்டிக் கிடந்தது. தொட்டியில் பாதி டீசல் இருந்தது. திரும்பி வந்து துறையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. சென்ற வாரம் பினாங்குக்குப் புறப்பட்டோம். விடியற்காலையில் சுமத்ரா காற்று எனப்படும் திடீர்ப் புயற்காற்று ஒன்று அடித்து ஓய்ந்தபின் காற்றே இல்லாமல் அலை மட்டும் மிஞ்சியதால் எஞ்சினை நம்பி வந்துகொண்டிருந்தோம். பாயார் தீவைக் கடந்து ஒரு மணி நேரம் ஆனதும் நிமிடத்துக்கு 2,200 சுற்றில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் மெல்ல மெல்ல 1,500க்கு இறங்கி நின்றுவிட்டது. பத்து நிமிடம் கழித்து முடுக்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது; நாற்பது நிமிடத்தில் மீண்டும் நின்றது. இப்படி நான்கு முறை. கடைசி முறை பினாங்கின் வடக்கு வாயிலில், சரக்குக் கப்பல்கள் போகும் பாதைக்கு அருகில் நின்றது. ஆழம் குறைவான இடம் என்பதால் கணவர் ஓடிச்சென்று நங்கூரத்தை இறக்கினார். அவருக்கு 67 வயது. அந்த ஓட்டத்தை இன்னொரு முறை நான் பார்க்க விரும்பவில்லை.

முதல் டீசல் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் பழுப்பு நிறத்தில் கூழ் போல ஏதோ தங்கியிருந்தது. வடிகட்டியை மாற்றினேன், பிறகும் அதே கதைதான். எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (கிள்ளான்)

எஞ்சின் சூடேறி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள் அம்மா. கடல்நீர் பம்பில் இருக்கும் ரப்பர் சக்கரத்தின் இதழ்கள் நீண்ட நாள் ஓடாமல் கிடந்தால் ஒடிந்துவிடும்.

கேட்டவர்

நன்றி ஐயா. அதை அன்றே பார்த்துவிட்டேன். வெப்பமானி வழக்கமான இடத்திலேயே நின்றது. புகைபோக்கி வழியாக நீரும் தடையின்றி வந்தது.

மறுமொழி (பட்டர்வொர்த், மீன்பிடிப் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன்)

அம்மா, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. மின்சாரக் கோளாறாக இருந்தால் எஞ்சின் பட்டென்று நிற்கும். சுற்று மெல்ல இறங்கி நின்றால் டீசல் போதவில்லை என்று பொருள். சற்று ஓய்வு கொடுத்ததும் ஓடுகிறது என்பதால் தடை எஞ்சினுக்குள் இல்லை, தொட்டிப் பக்கம்தான் இருக்க வேண்டும். அங்கே இரண்டு இடங்களை நான் சந்தேகிப்பேன். ஒன்று, தொட்டியின் காற்றுக்குழாய். ஐந்து மாதம் கட்டிக் கிடந்த படகில் குளவி அதன் வாயில் மண்கூடு கட்டிவிடுவது உண்டு. உள்ளே காற்று போகாவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. நின்றபின் காற்று மெதுவாகக் கசிந்து உள்ளே போவதால் மறுபடி ஓடும். மற்றொன்று, தொட்டியிலிருந்து டீசலை இழுக்கும் உறிஞ்சுகுழாயின் அடிமுனை. அலையில் கலங்கிய கசடு அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்; எஞ்சின் நின்றதும் இழுப்பு இல்லாமல் உதிர்ந்து விழும்.

எது என்று கண்டுபிடிக்கச் செலவு இல்லை. கயிறுகளை இரட்டையாகக் கட்டிவிட்டு, துறையிலேயே கியரில் போட்டு ஓட்டுங்கள். சுற்று இறங்கத் தொடங்கியதும் டீசல் ஊற்றும் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் தேறினால் காற்றுக்குழாய்தான். தேறாவிட்டால் சுத்தமான டீசல் உள்ள கேன் ஒன்றிலிருந்து நேராக ஓட்டிப் பாருங்கள். எஞ்சினிலிருந்து மிஞ்சிய டீசல் திரும்பி வரும் குழாயையும் அதே கேனுக்குள் விட மறக்காதீர்கள். பலர் அதை மறந்துவிட்டுக் கேன் ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியானது என்று கேட்பார்கள்.

கேட்டவர் (இரண்டு நாள் கழித்து)

ஐயா சொன்னபடியே செய்தோம். காற்றுக்குழாயில் கூடு எதுவும் இல்லை. மூடியைத் திறந்தும் எஞ்சின் தேறவில்லை. கேனிலிருந்து ஓட்டியபோது மூன்று மணி நேரம் சுற்று சிறிதும் குறையாமல் ஓடியது. துறையில் கட்டியே இருந்தோம் என்றாலும், பக்கத்துப் படகுகள் போய்வரும் அலையில் எங்கள் தொட்டி ஆடியதே அதற்கு முந்தைய சோதனையில் எஞ்சினை நிறுத்தப் போதுமானதாக இருந்தது. ஆகவே தொட்டிக்குள்தான் குறை என்று உறுதியாகிவிட்டது. கூழைக் கொல்லும் மருந்தை ஊற்றிவிட்டால் போதுமா?

மறுமொழி (லங்காவி, பன்னிரண்டு ஆண்டுகளாகப் படகில் வசிப்பவர்)

சகோதரி, மருந்தை மட்டும் ஊற்றாதீர்கள். அந்தக் கூழ் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து வளர்ந்தது. தொட்டியின் அடியில் தங்கிய நீரும் மேலே நிற்கும் டீசலும் சந்திக்கும் எல்லையில்தான் அவை வாழும். பாதி காலியாக இருந்த தொட்டியில் இரவு பகல் ஈரக்காற்று போய்வந்து நீராகப் படிந்திருக்கும். மருந்து அவற்றைக் கொல்லும், ஆனால் கரைக்காது. செத்த கசடு முழுவதும் ஒரே நாளில் வடிகட்டிக்கு வந்து சேரும்.

நம் நாட்டு டீசலின் தன்மையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2019 முதல் போக்குவரத்துக்கு விற்கும் டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலக்கப்படுகிறது. லங்காவியில் 2020இல் அது 20 விழுக்காடாக உயர்ந்தது. நாள்தோறும் ஓடும் லாரிக்கு அதனால் தொல்லை இல்லை. ஆனால் இந்தக் கலவை சாதாரண டீசலைவிட அதிக நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும், பழைய தொட்டியில் படிந்த கசடையும் இளக்கிவிடும், பழைய ரப்பர் குழாய்களையும் மென்மையாக்கும். மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் படகுத் தொட்டிக்கு இது பொருந்தாத எரிபொருள். 7 விழுக்காடு மட்டுமே கலந்த யூரோ 5 டீசல் சற்றுக் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. தேங்கப்போகும் தொட்டிக்கு நான் அதைத்தான் வாங்குவேன்.

முதலில் தொட்டியைத் திறந்து கையால் துடையுங்கள். மருந்து அதற்குப் பிறகுதான்.

கேட்டவர் (அடுத்த வாரம்)

திறந்துவிட்டோம். ஆய்வு மூடியின் பதினாறு திருகுகளில் மூன்று துருவேறி இறுகியிருந்ததால் ஒரு முழு நாள் அதற்கே போனது. அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கறுப்புக் கூழ் இருந்தது. அதன் கீழே ஏறத்தாழ மூன்று லிட்டர் நீர். உறிஞ்சுகுழாயின் முனையில் சன்னமான வலை ஒன்று இருந்ததை இந்தப் படகை வாங்கிய நாளிலிருந்து நாங்கள் அறிந்திருக்கவில்லை. அதில்தான் கூழ் தோல்போல ஒட்டியிருந்தது. பட்டர்வொர்த் ஐயாவிடம் கேட்டபோது, வெளியே நல்ல வடிகட்டி இருக்கும்போது கைக்கு எட்டாத இடத்தில் இன்னொரு வலை வேண்டாம் என்று சொன்னதால் அதை எடுத்துவிட்டேன். மென்மையாகிப்போன இரண்டு குழாய்களையும் மாற்றினேன். அள்ளிய கழிவைக் கேன்களில் அடைத்து, துறையின் கழிவு எண்ணெய்ப் பீப்பாயில் சேர்த்தோம்.

நேற்று எஞ்சினிலேயே ஜெரெஜாக் தீவு வரை போய்த் திரும்பினோம். பினாங்குப் பாலத்தின் அடியில் நீரோட்டம் எதிர்த்தபோதும் ஐந்து மணி நேரம் 2,200இல் ஓடியது. கண்ணாடிக் கிண்ணம் தெளிவாக இருக்கிறது. ஆயினும் ஒவ்வொரு மணி நேரமும் கணவரே இறங்கிவந்து விளக்கடித்துப் பார்த்தார். தொட்டியைக் கழுத்துவரை நிரப்பிவிட்டு, பேத்தியைப் பார்க்க நாளை கோலாலம்பூருக்குப் புறப்படுகிறோம். உங்கள் மூவருக்கும் எங்கள் இருவரின் நன்றி.