காபி சார்ட்: மை போடறதுக்கு முன்னாடி

கீர்த்தனா: [படம்] காபி பரவின வழி. இப்போ பென்சில்தான், நாளைக்கு மை போடணும். தப்பு இருந்தா சொல்லிடுங்க 🙏

முரளி மாமா: இஸ்தான்புல் கட்டத்துல கிளிமூக்கு வச்ச கூஜா இருக்கே, அது தல்லா. அரபுக்காரங்க பாத்திரம். துருக்கிக்கு ஜெஸ்வே வரை. அடி அகலம், கழுத்து குறுகல், நீளக் கைப்பிடி.

கீர்த்தனா: கழுத்து ஏன் குறுகல்?

முரளி மாமா: நுரை திரண்டு நிக்கத்தான். ஒரு குட்டி கப்புக்கு 60-70 மில்லி பச்சத்தண்ணி, 7 கிராம் தூள், சர்க்கரையும் அப்பவே. சின்னத் தீ. நுரை விளிம்புக்கு ஏறும்போதே இறக்கிடணும். தளதளன்னு கொதிச்சா நுரை உடைஞ்சு போயிடும்.

வசந்தி அத்தை: வடிகட்டறதில்லையா?

முரளி மாமா: இல்லக்கா. தூள் மைதா மாதிரி நைஸ், மண்டி கப்பு அடியில தங்கிடும். அதையே நம்ம பில்டர்ல போட்டா ஓட்டை அடைச்சுக்கும், டிகாஷன் இறங்காது.

பெரியப்பா: எத்தியோப்பியாவுல ஆட்டுக்காரன் கல்தி படத்துக்குக் கீழ 850ன்னு போட்டிருக்கே, அழிச்சிடும்மா. காபிப் பழம் தின்னு ஆடுங்க துள்ளுச்சுன்னு சொல்ற அந்தக் கதை அச்சுல வந்ததே 1671ல, ரோம்ல. காபி குடிச்சதுக்கு நம்பகமான ஆதாரம் 15ஆம் நூற்றாண்டு யேமன் சூஃபிகள்கிட்டதான் கிடைக்குது. ராத்திரி திக்ருல, அதாவது இறைவன் பேரைச் சொல்லிக்கிட்டே இருக்கற வழிபாட்டுல, தூங்காம இருக்கக் குடிச்சாங்க.

வசந்தி அத்தை: ஐயோ, ஆடு அழகா வந்திருக்கே 😔

பெரியப்பா: ஆடு இருக்கட்டும், வருஷம்தான் வேண்டாம். கதைக்குப் புள்ளிக்கோடு, ஆதாரம் இருக்கறதுக்கு முழுக்கோடு. சூஃபி துறவி பாபா புதான் யேமன்ல இருந்து 7 விதை கொண்டுவந்து கர்நாடகத்துச் சந்திரகிரி மலையில போட்டதாச் சொல்றதும் புள்ளிக்கோடுதான்.

கீர்த்தனா: யேமன் டு பிரேசில் முழுக்கோடு?

பெரியப்பா: அந்த அம்பே தப்பு. 1696ல மலபார்ல இருந்து டச்சுக்காரங்க ஜாவாவுக்குச் செடி கொண்டு போனாங்க, வெள்ளத்துல போச்சு. 1699ல மறுபடி, அது பிடிச்சுது. 1706ல ஜாவா செடி ஆம்ஸ்டர்டாம் தோட்டத்துக்கு. அங்கிருந்து 1714ல பாரிஸ், 14ஆம் லூயிக்கு. பிரேசிலுக்கு 1727ல, பிரெஞ்சு கயானாவிலிருந்து. வளைச்சு வளைச்சுதான் போடணும்.

முரளி மாமா: ஜெபனா எங்க? எத்தியோப்பியான்னா அது வேணும். கருப்பு மண்பானை, உருண்டை அடி, நீளக் கழுத்து. அடி நிக்காது, கீழ ஒரு வளையம் போடு. பானையைக் கொஞ்சம் சாய்ச்சு வரை, மண்டி அடங்க அப்படித்தான் வைப்பாங்க. ஒரே தூள்ல மூணு சுற்று: அபொல், தோனா, பரக்கா. ஒவ்வொண்ணும் நிறம் குறைஞ்சுக்கிட்டே வரணும்.

வசந்தி அத்தை: இலங்கையில ஏன் தேயிலை வரைஞ்சிருக்கா?

பெரியப்பா: அதுக்கு முன்னாடி அங்க காபிதான். நம்ம ஊர்ல இருந்து கூலிக்குப் போனவங்க முதல்ல போனது காபித் தோட்டத்துக்கு. 1869ல இலைத்துரு நோய் வந்தது, கொஞ்சம் கொஞ்சமா அத்தனையும் போச்சு. அப்புறம்தான் தேயிலை. ரெண்டையும் வரை.

கீர்த்தனா: [படம்] துரு இலை ஓகேவா? ஆரஞ்சுப் பொடி வச்சிருக்கேன்.

முரளி மாமா: பொடி மேல்பக்கம் இருக்காது. மேல வெளிர் மஞ்சள் புள்ளிதான், பொடி அடிப்பக்கம். ஒரு இலையைத் திருப்பிப் போட்டு வரை.