வேலம்பாசிச் சோதனை: விளக்கை அருகில் வைத்தும் குமிழிகள் கூடாதது ஏன்?

கோபி ஆசிரியை:
வணக்கம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குத் தாவரவியல் கற்பிக்கிறேன். தடப்பள்ளி வாய்க்காலில் அன்று காலை பறித்த வேலம்பாசி (ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடி) தண்டு ஒன்றை, வெட்டிய முனை மேலே இருக்கும்படி நீருக்குள் நிறுத்தி, எல்இடி விளக்கை வெவ்வேறு தொலைவில் வைத்து, ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்ஸிஜன் நிமிடத்துக்கு எத்தனை குமிழிகளாக எழுகிறது என்று மாணவர்களை எண்ணச் செய்தேன். 50 செ.மீ. தொலைவில் 6, 40இல் 10, 30இல் 17, 20இல் 36 என்று ஏறிய எண்ணிக்கை, 10 செ.மீ.இல் 38 என்று நின்றுவிட்டது. தொலைவு பாதியானால் ஒளி நான்கு மடங்காகும் என்று படித்த பிள்ளைகள், 144 அல்லவா வர வேண்டும் என்று கேட்கிறார்கள். தூய நீராக இருக்கட்டும் என்று ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்றினேன். பிழை எங்கே?

நொய்யற்கரை:
உங்கள் அளவீட்டை நான் நம்புகிறேன், அம்மா. 50 முதல் 20 செ.மீ. வரை உங்கள் எண்கள் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஏறக்குறைய அப்படியே நடக்கின்றன. அந்த எல்லைக்குள் பாசிக்குப் பற்றாக்குறையாக இருந்தது ஒளிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 20 செ.மீ.க்கு உள்ளே வந்ததும் ஒளி தாராளமாகிவிட, வேறொன்று பற்றாக்குறையாகிவிட்டது. ஒரு வினையின் வேகத்தை, தேவைக்கு மிகக் குறைவாக உள்ள காரணியே கட்டுப்படுத்தும் என்று தாவரவியலாளர் பிளாக்மேன் 1905இல் கூறியது இதைத்தான்.

உங்கள் சோதனையில் அந்தக் காரணி பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு. ஆர்.ஓ. இயந்திரம் நீரில் கரைந்த உப்புகளோடு பைகார்பனேட்டையும் பெருமளவு நீக்கிவிடுகிறது. வேலம்பாசியோ கரைந்த கார்பன் டை ஆக்ஸைடு குறையும்போது பைகார்பனேட்டையும் எடுத்துக்கொள்ள வல்லது. நம் பகுதியில் குடிக்க ஆகாது என்று ஒதுக்கும் கடினமான போர்த் தண்ணீர், இந்தப் பாசிக்கு ஆர்.ஓ. நீரைவிட நல்ல உணவு. சமையல் சோடாவும் ஒரு பைகார்பனேட்தான்; லிட்டருக்கு 2 கிராம் அதைக் கரைத்து, அதே தண்டில் மீண்டும் எண்ணிப் பாருங்கள்.

பவானி கூடுதுறை:
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். இருமடி விதி புள்ளி போன்ற ஒளிமூலத்துக்கு உரியது; 10 செ.மீ. அருகில் விளக்கின் அகலம் புறக்கணிக்கத் தக்கதன்று. ஆகவே அங்கே ஒளி சரியாக நான்கு மடங்காகியிருக்காது. எனினும் 144க்கும் 38க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இது மட்டும் விளக்காது.

அடுத்தது வெப்பம். எல்இடியும் ஓரளவு சூடாகும். குண்டு பல்பு என்றால் கேட்கவே வேண்டாம். நீர் சூடானால் அதில் கரைந்த காற்றே குமிழிகளாக வெளிவரும். விளக்குக்கும் பாசிக்கும் நடுவே நீர் நிரப்பிய தட்டையான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை வைத்து, வெப்பமானியையும் போட்டு வையுங்கள். விளக்கை நகர்த்தியபின் ஐந்து நிமிடம் பொறுத்து எண்ணுவது அவசியம்.

ஆனைமலை அடிவாரம்:
குமிழியே எழாத மங்கிய ஒளியிலும் ஒளிச்சேர்க்கை நடக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அங்கே உருவாகும் ஆக்ஸிஜனைச் செடியின் சுவாசமே செலவழித்துவிடுகிறது; இரண்டும் சமமாகும் ஒளியளவுக்கு ஈடுசெய் புள்ளி என்று பெயர். வேலம்பாசிக்கு அந்தப் புள்ளி மிகத் தாழ்ந்தது. கலங்கிய குளத்தின் ஆழத்திலும் அது தழைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குமிழிகளின் பருமனும் ஒன்றுபோல் இராது என்பதால், புனலைக் கவிழ்த்துச் சோதனைக்குழாயில் வாயுவைச் சேர்த்து அளப்பது மேலானது.

கோபி ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. வெப்பத்துக்குத் தடுப்பு வைத்து, சமையல் சோடா கலந்து நேற்று மீண்டும் செய்தோம். 50, 40, 30 செ.மீ. தொலைவுகளில் எண்ணிக்கை மாறவேயில்லை. 20இல் 39 ஆனது. 10 செ.மீ.இல் 38 என்பது 61 ஆக உயர்ந்தது. மங்கிய ஒளியில் சோடா பயன் தராததையும், நிறைந்த ஒளியில் பயன் தந்ததையும் ஒரே வரைபடத்தில் இரண்டு கோடுகளாக வரைந்தபோது, 38ஐத் தவறென்று நோட்டில் அடித்துவிட்டிருந்த மாணவன் தானாகவே அதைத் திருத்தி எழுதினான். 61க்கு மேல் தடுப்பது எது என்பது இப்போது அவர்களுடைய கேள்வி; நீரின் வெப்பநிலையை 25இலிருந்து 30 டிகிரிக்கு உயர்த்தி, வரும் வாரம் எண்ணவிருக்கிறோம்.